உள்ளே வந்த இன்னொருத்தி

எழுபது தாண்டிய ஒருவரைக் கைதியாகப் பார்க்கும்போது எனக்கு முதலில் வருவது இரக்கம் இல்லை, எரிச்சல். அந்த மனிதர் கட்டிலுக்கடியில் காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருப்பார். கூட வந்த போலீஸ்காரர் குனிந்து எடுத்துக் கொடுக்க மாட்டார். "நடி, நடி" என்று கன்னடத்தில் விரட்டுவார். எங்கே ஓடிவிடப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. மூட்டு வலிக்காரர், கழிவறைக்குப் போய் வரவே அரை மணி நேரம் ஆகிறது.

நான் மைசூரில் ஓர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர். நீதிமன்றம் அனுப்பிவைக்கிற ஆட்களைக் கொஞ்ச நாள் வார்டில் வைத்துக் கவனித்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. காரியத்தைச் செய்த நேரத்தில் தான் என்ன செய்கிறோம் என்று இவருக்குத் தெரிந்திருந்ததா? இப்போது விசாரணை நடத்தினால் அதை இவரால் புரிந்துகொள்ள முடியுமா? இளவயதுக்காரர்கள் என்றால் நடிப்பவர் யார், நடிக்காதவர் யார் என்று ஓரளவுக்குப் பிடிபட்டுவிடும். வயதானவர்கள் அப்படியில்லை. நல்ல புத்தியோடு இருப்பதாக நடிப்பதுதான் அவர்கள் வழக்கம். மறந்ததை மறைக்க ஒரு சிரிப்பு, தெரியாத தேதியைத் தட்டிவிட ஒரு கேலி. பெரிய மனிதத்தனம் கடைசியாகத்தான் போகும்.

இந்தப் பெரியவர் மீது கொலை முயற்சி வழக்கு. மனைவியை வாழைக்குலை வெட்டுகிற கத்தியால் வெட்டியிருந்தார். இடது தோளில் ஆரம்பித்துக் கழுத்தெலும்புவரை இறங்கிய வெட்டு. அந்தம்மா பிழைத்துக்கொண்டாள். புகார் கொடுத்தது மகன். சிறையில் பார்த்த மருத்துவர், "தெளிவாகப் பேசுகிறார், மனநோய் எதுவும் இல்லை" என்று எழுதி அனுப்பியிருந்தார். இலவச சட்ட உதவியில் வந்த இளம் வக்கீல் விடாமல் கேட்டதால்தான் பெரியவர் எங்களிடம் வந்தார்.

முதல் நாள் நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார். "பன்னி மேடம், கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று, உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார். தலையைப் படிய வாரி, நெற்றியில் திருநீறு வைத்திருந்தார். தேவராஜ மார்க்கெட்டில் காலமெல்லாம் வாழைப்பழக் கடை வைத்திருந்தவர். பேச்சில் அந்தக் கல்லாப்பெட்டி மரியாதை அப்படியே இருந்தது. என்ன மாதம் என்று கேட்டேன். தசரா முடிந்துவிட்டதே, ஊர்க்கூட்டம் குறைந்திருக்குமே, மார்க்கெட்டில் வியாபாரம் எப்படி என்று திருப்பி என்னைக் கேட்டார். அருமையான கன்னடம். வெட்டியதைப் பற்றிக் கேட்டதற்கு, ஆமாம் வெட்டினேன், குடும்பம் என்றால் சண்டை வரும், கோபத்தில் நடந்துவிட்டது, கோர்ட் என்ன சொல்கிறதோ அதற்குக் கட்டுப்படுகிறேன் என்றார். சிறை மருத்துவர் எழுதியதையே நானும் எழுதி அனுப்பிவிடலாம் போலிருந்தது.

இரண்டு விஷயங்கள் மட்டும் உறுத்தின. பேசும்போதெல்லாம் எனக்குப் பின்னால் இருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், மனைவியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு முறைகூட "என் மனைவி" என்று சொல்லவில்லை. "ஆ யம்மா" என்றார். அந்த அம்மா. வெட்கத்தில் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அவர் தமிழர் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. காகிதங்கள் எல்லாம் கன்னடத்தில் இருந்தன. பெயரும் எந்தப் பக்கமும் சேரக்கூடிய பெயர். மைசூர்த் தமிழர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியே யாரிடமும் நாமாக முதலில் தமிழில் வாய் திறக்க மாட்டோம். இரண்டு பேரும் தமிழர்தான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் கன்னடத்திலேயே ஓட்டுவோம். என் தாத்தா ரயில்வே வேலைக்கு இந்த ஊருக்கு வந்தவர். மூன்று தலைமுறையாகியும் எங்கள் வீட்டில் அந்தக் கூச்சம் போகவில்லை.

அவருடைய மனைவியை வார்டுக்கு வெளியே நடையில் போட்டிருந்த பெஞ்சில் பார்த்தேன். மடியில் எவர்சில்வர் தூக்கு. ரவிக்கைக் கழுத்துக்கு மேலே புதுத் தோல் பளபளவென்று தெரிந்தது. சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன், போலீஸ்காரர் உள்ளே விட மாட்டேன் என்கிறார், நீங்கள் சொல்லுங்கள் என்று கன்னடத்தில் கெஞ்சினாள். வெட்டியவனுக்கு வெட்டுப்பட்டவள் சோறு கொண்டுவந்தால் எந்தப் போலீஸ்காரருக்கும் குழப்பமாகத்தான் இருக்கும். நான் பதில் சொல்வதற்குள் தூக்கு கைநழுவி ரசம் கொஞ்சம் சிந்திவிட்டது. "அட கருமமே" என்றாள், தனக்குத்தானே.

"எந்த ஊரும்மா?" என்றேன் தமிழில்.

நிமிர்ந்து பார்த்தாள். "கௌதள்ளிங்க. ஹனூரு பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரம். ரெண்டு பேருக்கும் அதேதானுங்க." அவ்வளவுதான், கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

என் அறையில் உட்காரவைத்துக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நான் சுருக்கிச் சொன்னால் அதில் இருக்கிற திகில் போய்விடும்.

"நெம்ப நாளாவே இப்பிடித்தானுங்க, அம்மிணி. நான் சமையக்கட்டுல இருந்தா பூனையாட்ட வருவாரு. காதுக்கிட்ட வந்து, 'அவ மறுக்கா வந்துட்டா புள்ள, நீ கதவத் தாப்பாப் போட்டுக்க'ம்பாரு. ஆருங்கன்னு கேட்டா, 'உன்னையாட்டவே இருக்கறா. உன்ற சீலையத்தான் கட்டியிருக்கறா. கூடத்துல கொளந்தைங்களோட உக்காந்து சிரிச்சிட்டிருக்கறா'ம்பாரு. செத்த நேரத்துக்கு முந்திக் கூடத்துல உக்காந்திருந்தது நாந்தானுங்க."

"நீங்க என்ன செய்வீங்க?"

"தாப்பாப் போட்டுக்குவனுங்க. வேற என்னத்தச் செய்ய? அவரு வெளிய காவலுக்கு நிப்பாரு. நான் உள்ள நின்னு, எனக்கு நானே பயந்துக்கிட்டு நிப்பேன்."

இந்த வேலையில் எதையெதையோ கேட்டிருக்கிறேன். ஆனால் தன்னைப் பற்றித் தன்னிடமே வந்து புலம்புகிற புருஷனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு ஒருத்தி குடித்தனம் நடத்தியதை அன்றுதான் கேட்டேன். மகனிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் அப்பாவை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவான் என்று பயமாம்.

வெட்டு விழுந்த அன்று மாலை அவள் கூடத்தில் பேரக்குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் எழுதவைத்துக்கொண்டிருந்தாள். அவர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டே, தலையைத் திருப்பிப் பேசியபடியே சமையலறைக்குள் நுழைந்திருக்கிறாள். உள்ளே அவர் கத்தியோடு நின்றிருந்தார். "என்ற ஊட்டுக்காரிய எங்க கொண்டுபோயி வச்சிருக்கே?" என்று ஒரே கேள்வி, உடனே ஒரே வீச்சு. கீழே விழுந்தவள், "ஏனுங்க, நாந்தானுங்க" என்று கத்தியிருக்கிறாள். உடனே கத்தியைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கி மடியில் கிடத்திக்கொண்டு, "அவளுக்குப் போட்டது உனக்கும் பட்டுருச்சா புள்ள" என்று அழுதாராம்.

நெருங்கியவரை, அவர் உருவத்தில் வந்த வேற்றாள் என்று நம்புகிற நோய் ஒன்று உண்டு. அதற்கு ஒரு பிரெஞ்சு மருத்துவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். மறதி நோயோடு சேர்ந்து முதுமையில் வருவது புதிதில்லை. ஆனால் ஒரே நாளில் அவள் எப்படி அவருக்கு மனைவியாகவும் வேற்றாளாகவும் மாறி மாறித் தெரிந்தாள்? எது அந்த மாற்றத்தைச் செய்கிறது? அது தெரியாமல் நான் எதையும் எழுத முடியாது.

மறுநாள் அவர் அறைக்குப் போய், "சாப்பிட்டீங்களா, ஐயா?" என்றேன்.

அதே வெள்ளைக் கோட்டு, அதே மூக்குக்கண்ணாடி, அதே நாற்காலி. அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. "அம்மிணி நம்ம பக்கமுங்களா? உக்காருங்க, உக்காருங்க" என்றார். முந்தின நாள் கடைக்காரர் குரல் இல்லை இது. தளர்ந்த, வீட்டு மனிதரின் குரல். ஊர், தோட்டம், முழங்கால் வலி என்று கொஞ்சம் பேசினார். பிறகு கதவைப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. நேத்து ஒரு டாக்டரம்மா வந்துச்சு. அப்பிடியே உங்களாட்ட. இதே கண்ணாடி, இதே மூக்குத்தி. நான் ஒண்ணும் காட்டிக்கல. நல்ல விதமாப் பேசி அனுப்பிப்போட்டேன். நீங்க சூதானமா இருங்க, அம்மிணி. மொதல்ல மூஞ்சிய எடுத்துக்குவாங்க. அப்பறம் ஊட்டுக்குள்ளயே வந்துருவாங்க."

புத்தகத்தில் படிப்பது வேறு. உன் முகத்தோடு ஒருத்தி திரிகிறாள், பார்த்து நடந்துகொள் என்று ஒருவர் அக்கறையோடு சொல்லும்போது, படித்த படிப்பெல்லாம் ஒரு நிமிஷம் எங்கோ போய்விடுகிறது. நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்மேலேயே எரிச்சல் வந்தது.

சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன். வெளியே போய்க் கொஞ்சம் நின்றேன். கதவைத் திறந்து, "ஊட்டா ஆய்தா, யஜமான்ரே?" என்று கன்னடத்தில் அதே கேள்வியைக் கேட்டேன். சட்டென்று எழுந்தார். முதுகு நிமிர்ந்தது. "ஆய்து மேடம், பன்னி" என்று மார்க்கெட் சிரிப்பு சிரித்தார். இங்கே யாராவது வந்தார்களா என்று கேட்டேன். யாருமே வரவில்லையே என்றார், கண்ணைச் சிமிட்டாமல். மறுபடி வெளியே போனேன். போலீஸ்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்தத் தடவை தமிழில் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "கதவுக்கிட்ட அவளப் பாத்தீங்களா? இப்பத்தான் போறா. உங்களத் தேடிக்கிட்டுத்தான் வந்தா. நீங்க இங்க இருந்தத நான் சொல்லலீங்க."

பிறகு யோசித்தால் எல்லாம் நேராகத்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் மைசூர் வந்தவர். கடையில், பஸ்ஸில், தெருவில் எல்லாரோடும் கன்னடம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கன்னடத்தையும் கழற்றிவிடுவார். உள்ளே வந்தால் தமிழ். ஆயுள் முழுவதும் வெளியாள் யார், வீட்டாள் யார் என்பதை அவர் காதுதான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டு விஷயத்தை வெளியாளிடம் சொல்வதும் அவர் வழக்கம் இல்லை. அதனால்தான் சிறை மருத்துவரிடமும் முதல் நாள் என்னிடமும் நல்ல விதமாகப் பேசி அனுப்பிவிட்டார். கடை போய், வயதாகி, மகன் வீட்டுக்கு வந்தார்கள். பேரக்குழந்தைகள் இரண்டு மொழியையும் கலந்து பேசுகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். வீட்டில் இனி கன்னடம் மட்டும்தான் என்று மகன் சொல்லிவிட்டான். கிழவர் காதில் அதை யாரும் போடவில்லை. அவரிடம் யார் பேசிக்கொண்டிருந்தார்கள், மனைவியைத் தவிர? அவளும் குழந்தைகள் முன்னால் கன்னடத்துக்கு மாறிவிட்டாள். அறிவு மங்கத் தொடங்கிய நேரத்தில், மனைவியின் முகத்தோடு ஒரு வெளியாள் அவர் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மகனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் மகளும் நான் தமிழில் கேட்டால் கன்னடத்தில்தான் பதில் சொல்கிறாள். நானும் பாதி நேரம் அப்படியே தொடர்ந்துவிடுகிறேன்.

மூளைப் படம் எடுத்தோம். கடிகாரம் வரையச் சொன்னபோது எண்களை எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினார். ஞாபகச் சோதனையைத் தமிழில் வைத்துப் பார்த்தபோது மூன்று சொற்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. மூளை நன்றாகவே சுருங்கியிருந்தது. அவர் நடிக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அறிக்கை எழுதுவதோடு கதை முடிவதில்லை. புத்தி சரியாக இருந்தது என்று எழுதினால் விசாரணை, தண்டனை, சிறையிலேயே சாவு. புத்தி சரியில்லை என்று எழுதினால், பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று உறவில் யாராவது கோர்ட்டில் பொறுப்பேற்க வேண்டும். இல்லையென்றால் பூட்டிய வார்டில் கடைசிவரை கிடக்க வேண்டியதுதான். மகன் முடியாது என்றான். "நனகே மக்களு இத்தாரெ மேடம்" என்றான். எனக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்கிறான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அவனுடைய அம்மாவை அழைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுக்கொண்டே புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் கன்னடம் பேசாம இருந்தாப் போதுங்களா?"

"அவ்வளவு சுலபம் இல்லம்மா. நோய் நாளுக்கு நாள் ஏறும். மருந்து கொஞ்சம்தான் பிடிக்கும். உங்க வாயில ஒரு வார்த்தை தவறி வந்தாப் போதும். அடுத்த தடவை கழுத்துல விழும்."

"அவரு வெட்டுனது என்னைய இல்லீங்களே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெட்டுப்பட்டது நீங்கதானே!" என்று கத்திவிட்டேன்.

அவள் தலைப்பை எடுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "அது செரிங்க. ஆனா அவரு தேடுனது என்னையத்தானுங்களே. இத்தன வருசத்துல அவரு என்னைய அப்பிடித் தேடி நான் பாத்ததில்ல."

குற்றம் நடந்தபோதும் இப்போதும் மனநிலை சரியில்லை என்று எழுதினேன். வீட்டுக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு, ஆபத்து இருக்கிறது, இன்ன இன்ன ஏற்பாடு இருந்தால் குறையும் என்று எழுதினேன். குழந்தைகள் இல்லாத தனி வீடு, கத்தி அரிவாள் இல்லாத சமையலறை, தவறாத மருந்து, மாதாமாதம் என்னிடம் வருவது, அவர் காதுபட அந்தம்மா தமிழைத் தவிர வேறெதுவும் பேசாமல் இருப்பது. கடைசியாக எழுதியதைப் படித்துவிட்டு என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர், இப்படி ஒரு நிபந்தனையை இந்த மாநிலத்தில் எந்தக் கோர்ட்டும் பார்த்திருக்காது என்று சிரித்தார்.

கோர்ட்டில் அவரைச் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்திருந்தார்கள். மனைவியைக் கூப்பிட்டார்கள். வெட்டுப்பட்டவளே பொறுப்பேற்க வந்திருப்பது நீதிபதிக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். உங்களுக்குச் சம்மதம்தானா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கன்னடத்தில் கேட்டார்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

நீதிபதி குரலை உயர்த்தி மறுபடி கேட்டார். அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்கடி தூரத்தில் அவள் புருஷன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அரசுத் தரப்பு வக்கீல், இத்தனை வருஷம் மைசூரில் சோறு தின்றுவிட்டு ஒரு வார்த்தை கன்னடம் வராதா என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துபோனது. அந்த வக்கீலைவிட நல்ல கன்னடம் பேசுகிறவள் அவள்.

நான் எழுந்தேன். எழுந்த பிறகுதான் என் வாய்க்கும் அதே பூட்டு என்பது புரிந்தது. நான் கன்னடத்தில் பேசினால் அந்தக் கணமே அவருக்கு நான் மற்ற டாக்டரம்மா ஆகிவிடுவேன். அவர் நம்புகிற ஒரே டாக்டரையும் இழந்துவிடுவார். நீதிபதியிடம் ஆங்கிலத்தில் பேசினேன். மொழிபெயர்க்க அனுமதி கேட்டேன். காரணம் அறிக்கையில் கடைசிப் பத்தியில் இருக்கிறது என்றேன். நீதிபதி காகிதத்தைப் புரட்டிப் படித்தார். படித்து முடித்ததும் வக்கீலை உட்காரச் சொன்னார்.

"சம்மதமாம்மா?" என்றேன்.

"சம்மதமுங்க" என்றாள், கோர்ட் முழுவதும் கேட்கும்படி. ஸ்டூலில் இருந்தவர், பார்த்தீர்களா என் வீட்டுக்காரியை என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கடைசி பெஞ்சில் இருந்த மகன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

தேவராஜ மொஹல்லாவில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் குடியேறினார்கள். பழைய கடை பக்கத்திலேயே இருந்தது, அவருக்கும் வழி தெரிந்த இடம். காய்கறிகளை மகன் நறுக்கிக் கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போவான். அவரை ஒரு நொடியும் தனியாக விட முடியாது, எங்கே போனாலும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் கடைத்தெருவிலும் அவள் வாய் திறப்பதில்லை. விரலைக் காட்டுவாள், தலையை ஆட்டுவாள். அந்தத் தெருவில் அவளை ஊமை என்றே நினைத்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். பேரக்குழந்தைகளுக்கு இப்போது கன்னடம் தவிர வேறு வாயில் வருவதில்லை, அவர்கள் அங்கே வருவதும் இல்லை. அதை அவள் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

போன மாதம் இரண்டு பேரும் வந்தார்கள். அவர் கொஞ்சம் சதை போட்டிருந்தார். அவள் புதிதாக ஒரு சிவப்புப் புடவை கட்டியிருந்தாள், மடிப்புக்கூடக் கலையவில்லை. நன்றாக இருக்கிறதே என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அவ இப்ப வர்றதில்லீங்க, அம்மிணி. செத்துப் போயிட்டா. நான் போட்ட வெட்டுலதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கெட்டவள்னு நெனச்சுப்போட்டேன். யோசிச்சுப் பாத்தா ஒரு தப்புஞ் செய்யல பாவம். கொளந்தைங்கள நல்லாத்தான் பாத்துக்கிட்டா. பூவும் பொட்டுமாப் போயிட்டா, அப்பிடியே உட்டுறலாமுங்களா? அமாவாசைக்கு எலை போட்டுச் சீலை வச்சுக் கும்பிட்டமுங்க."

நான் அவளைப் பார்த்தேன்.

"அவளுக்கு என்ன புடிக்கும்னு என்னையக் கேட்டாருங்க" என்றாள். "சொன்னேன். தட்டப்பயறுக் கொளம்பும் கச்சாயமும். நானே ஆக்கி வச்சேன். படைச்ச சீலைய ஊட்டுப் பொம்பளதானுங்களே கட்டோணும்?" சிவப்புத் தலைப்பை இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டாள்.

மருந்துச் சீட்டை எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அப்போது அவள் பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தவள் அணைக்கப் போனாள். விரல் தவறியதா, மனசு கேட்கவில்லையா தெரியாது, எடுத்துக் காதில் வைத்துவிட்டாள். குழந்தைக் குரல் என் மேஜைவரை கேட்டது. "அஜ்ஜி, யாவாக பர்த்தீயா?" பாட்டி, எப்போது வருவாய். அவள் உதடு விரிந்தது. அவர் அவள் வாயைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் நாற்காலி தானாகப் பின்னால் நகர்ந்தது.

"ம்" என்றாள். குழந்தை மறுபடி கேட்டது. "ம்" என்றாள் மறுபடி. கைபேசியை அணைத்தாள்.

"ஆரு புள்ள?" என்றார்.

"தெரியலீங்க. ஆரோ தப்பா அடிச்சுட்டாங்க."

அவர் என் பக்கம் சாய்ந்து, அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெல்லச் சொன்னார்.

"அவளத் தேடித்தானுங்க கூப்புடுதுங்க. பாவம், அவ செத்தது அந்தக் கொளந்தைங்களுக்கு இன்னும் தெரியாது."